மூன்றாவது பிளக்

எல் ஆல்ட்டோவில் விடியும்போது மைனஸ் ஆறு.
எலியோடோரோவின் மினிபஸ்
பட்டறை வாசலில் நிற்கும் முன்பே கேட்டுவிட்டது:
நாலுகால் ஓட்டத்தில் ஒரு கால் நொண்டி.

"மெல்லிசுக் காற்று டோன்யா கசிமிரா, அதான் மிஸ் அடிக்குது."
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
எல்லாவற்றுக்கும் காற்றுதான் பொறுப்பு,
அரிசி வேகாததற்கு, கடன் அடையாததற்கு,
மச்சான் முகம் கொடுத்துப் பேசாததற்கு.
இருபத்தொரு வருஷமாய் இந்த வண்டி
இதே காற்றைத்தானே மூச்சு விடுகிறது?

பானட்டைத் தூக்கினேன்.
ஐட்லிங்கில் உடம்பெல்லாம் உதறல்.
கண்ணாடியில் தொங்கும் சின்னக் கன்னிமேரி
யார் கேட்டதற்கோ
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறாள்.
மிதித்தால் அடங்குகிறது. விட்டால் மறுபடி.
ஓட்டத்தில் ஒளிந்துகொண்டு
நிற்கையில் தலைகாட்டும் சீக்கு.

கையுறை மாட்டி
வயர்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்.
ஒன்றாவது: இன்ஜின் தடுக்கி விழப்பார்த்தது. மாட்டிவிட்டேன்.
இரண்டு, அப்படியே.
நாலு, அப்படியே.
மூன்றைப் பிடுங்கினேன்.
ஒன்றும் ஆகவில்லை.
வராவிட்டாலும் யாரும் கேட்காத ஒரு ஆள்
எங்கள் சங்கக் கூட்டத்திலும் உண்டு.

கழற்றிப் பார்த்தால்
மற்ற மூன்று பிளக்கும் காப்பித்தூள் நிறம்,
இது எலும்பு வெள்ளை.
பெட்ரோலைவிடக் காற்றை அதிகம் தின்ற வாய்.

"புதுசு போட்டுடு."
புதுசுதான் அது. போன வாரம் ரியோ செக்கோவில் எவனோ போட்டது.
அதற்கு முந்தின வாரம் வயர்கள்,
அதற்கும் முன்னே டிஸ்ட்ரிபியூட்டர் மூடி.
முந்நூற்றுப் பத்து பொலிவியானோ
போன வழி தெரியாமல் போயிருக்கிறது.

கம்ப்ரஷன் பார்த்தேன், குறையில்லை.
பிறகு ஷாம்பூ பாட்டிலில் தண்ணீர் பிடித்து
மேனிஃபோல்ட் ஓரமாகவே பீய்ச்சிக்கொண்டு போனேன்.
மூன்றாவது பொருத்தில் பட்டதும்
உஸ்ஸென்று உள்ளே இழுத்தது.
இரண்டு நொடி,
இரண்டே நொடி
இன்ஜின் வழுக்கிக்கொண்டு ஓடியது.
கன்னிமேரி தலையாட்டுவதை நிறுத்தினாள்.

துருப்பிடித்த போல்ட்டுகள் இறங்கிவர
உச்சிவெயில் ஆகிவிட்டது.
கேஸ்கெட்டின் மூன்றாம் துளை விளிம்பில்
கருகி ஒட்டியிருந்தது
பொட்டளவு காகிதம்.
ஒரு ஓரத்தில் மட்டும் ரோஸ் நிறம் மிச்சம்.

கார்னிவல் செவ்வாய்.
ஊரே வண்டிகளுக்குப் பூசை போட்ட நாள்.
பானட்டில் பீர் தெளித்து, பட்டாசு கொளுத்தி,
வட்ட வட்டக் காகிதங்களை வாரித் தூவி
இந்த வருஷமும் எங்களைச் சுமந்துவிடு என்று
இரும்பிடம் கேட்டுக்கொண்ட நாள்.
மறுநாள் புதன்கிழமை
இதே வண்டிக்கு இதே கேஸ்கெட்டை மாட்டியது
நான்.
மண்டையிடியோடு. முகம் துடைக்காமல்,
என் முகத்தையும், மேனிஃபோல்டின் முகத்தையும்.

அவன் வாசலில் ஊதாச்சோளக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.
ஒரு ஊது ஊதியிருந்தால் போயிருக்கும்.
நகக்கண்ணில் அழுக்கோடு அழுக்காய்ச் சேர்ந்திருக்கும்.

உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.
"என்ன இது?"
"நாலு மாசத்துக்கு முந்தின என் புதன்கிழமை."

ரொம்ப நேரம் பார்த்தான்.
திட்டவில்லை. சிரிக்கவுமில்லை.
"ரோஸ் பாக்கெட் என் மகள் எடுத்தது" என்றான்.

புது கேஸ்கெட்.
இரண்டு முகத்தையும் மூன்று தரம் துடைத்து
நடுவிலிருந்து வெளியே, மாற்றி மாற்றி, முறுக்கினேன்.
சாவியைத் திருப்பினான்.
நாலு காலும் தரையில்.

கூலி வாங்கவில்லை.
முந்நூற்றுப் பத்தில் பாதி தருகிறேன் என்றதற்கு
அது ரியோ செக்கோக்காரனின் பாவம், உனக்கென்ன என்றான்.
அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

அவன் போனபின்
எண்ணெய்க் கறை நோட்டைப் புரட்டுகிறேன்.
அந்தப் புதன்கிழமை
இன்னும் இரண்டு வண்டி பார்த்திருக்கிறேன்.
ஒன்றின் போன் நம்பரில்
கடைசி எண் அழிந்திருக்கிறது.
பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறேன்.