உறவுமுறை என்ற கட்டம்

"கல்யாணம் ஆகலையா? புள்ளைங்க?
அப்பா அம்மா?"
எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையாட்டினேன்.
"அப்ப நேர் வாரிசே இல்லம்மா,
கோர்ட்டுல பாத்துக்குங்க" என்றார்
குடியாத்தம் தாலுகா ஆபீஸ் எழுத்தர்,
ஐம்பத்து நாலு வருடம் இருந்த தணிகாசலத்தை
ஸ்டேப்ளர் பின்னோடு என்னிடம் திருப்பிக் கொடுத்து.

வக்கீலிடம் இருந்ததைச் சொன்னோம்.
பேரணாம்பட்டில் ஒன்றேகால் சென்ட், ஓட்டு வீடு.
தோல் ஷாப்பு பி.எஃப். எல்.ஐ.சி. இரண்டு லட்சம்.
தவணை பாக்கியோடு ஒரு டி.வி.எஸ்.
"கடனும் எங்க தலையிலயா?" என்றார் ஏகாம்பரம் அண்ணன்.
"அவர் விட்டுப்போனது எவ்வளவோ அது மட்டும்தான்.
உங்க பாக்கெட்ல கை வைக்க முடியாது."
அப்புறம்தான் அண்ணன் டீயைத் தொட்டார்.

"கட்டிக் குடுத்த பொண்ணுங்களுக்கும்...?"
"சமபங்கு. மூணு பேருக்கும்."
நான் தரையைப் பார்த்தேன்.
தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

பிறகு பாலிசியைப் பிரித்தார்.
நாமினி: பவுனம்மாள்.
உறவுமுறை என்ற கட்டத்தில்
அவன் முதலில் எதையோ எழுதியிருந்தான்.
காகிதம் கிழிகிற அளவுக்கு அதை அடித்துவிட்டு
பக்கத்தில், பொடி எழுத்தில், 'தெரிந்தவர்'.

"நாமினின்னா சொந்தக்காரர் இல்லைம்மா.
வாங்கிக் குடுக்கிற கை. அவ்வளவுதான்."

பதினோரு வருடம் பீடி சுற்றிய கை.
சுண்ணாம்பில் வெந்த அவன் விரல்களுக்கு
ராத்திரி ராத்திரி தேங்காயெண்ணெய் வைத்த கை.
அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில்
அவன் மூத்திரச் சட்டியை
வாங்கியதும் அதுதான்.
நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளோடு போவோம்.

"நாங்களே விட்டுக்குடுத்தா?"
கேட்டது நான்தான் போலிருக்கிறது.
"தாராளமா. ஆனா ஒவ்வொருத்தரும் கையெழுத்து போடணும்.
மாட்டேன்னா அவர் பங்கு அவருக்கு."
தங்கச்சி என் தோளை இடித்தாள், சரியென்று.
அண்ணன் செருப்பைத் தேடினார்.
தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம்.
அவரையும் என்ன சொல்ல.

இன்று பவுனம்மாள் பஸ் பிடித்து வந்தாள்.
வீட்டுச் சாவியை என் வாசற்படியில் வைத்தாள்.
பங்கு பற்றி ஏதும் கேட்கவில்லை. திரும்பிப் போனவள்
தெருமுனையிலிருந்து மறுபடி வந்து,
"கரண்ட் பில்லுக்கு நாளைக்குக் கடைசி நாளுக்கா.
யார் பேர்ல கட்டட்டும்?"

சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.
"அவன் பேர்லயே கட்டு."