மூன்றாவது பத்தி

மாநதி எழுதிய கடிதங்கள் என்னிடம் பதினொன்று.
ஒன்றுகூட எனக்கு எழுதியதல்ல.

செம்பவாங் கப்பல் தளத்துக் கணக்கருக்கு ஒன்று.
தஞ்சோங் பகார் ரயில்வே குடியிருப்பில்
முதுகொடிந்து படுத்தபடியே நாவல் படித்தவருக்கு இரண்டு.
பெண் பெயர் என்றால் பதில் சீக்கிரம் வருமென்று
மனைவி பெயரில் எழுதிப்போட்ட
பட்டாளத்துச் சமையல்காரருக்கு மூன்று.
மிச்சமெல்லாம் ஜொகூர் பாரு.

பிஷான் பணிமனையில் ரயில் பிரேக் பார்க்கிறவன் நான்.
இரவு வேலை முடிந்து வந்து
சோப்புப் போட்டு இருமுறை கை கழுவி
உறையிலிருந்து ஒவ்வொன்றாய் எடுப்பேன்.
கையெழுத்தில் அந்த ‘மா’வின் கால்
பெயருக்கு அடியில் புகுந்து ஓடி
தாள் முடிகிற இடத்தில்தான் நிற்கும்.
பேனாவில் மை தீர்ந்த நாளில்கூட
வெறும் கீறலாய் ஓடியிருக்கிறது.

பன்னிரண்டாவது
தோ பாயோ லோரோங் எட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு
ஒரு டசன் ஆரஞ்சோடு ஞாயிற்றுக்கிழமை போனேன்.
சுலோசனா துரைக்கண்ணு.
எடுத்த எடுப்பிலேயே கேட்டார்:
“கையெழுத்துக்கு எவ்வளவு, கடுதாசிக்கு எவ்வளவு?”
பிரித்துப் பார்த்ததில்லை என்றேன்.
முந்நூற்றைம்பது என்றேன்.
வாஷிங் மெஷின் ஐந்நூறு என்றார்.
சரி, ஐந்நூறு.

பிஸ்கட் டின்னிலிருந்து வான்கடிதம் வந்தது.
நின்றபடியே ஒருமுறை படித்தார், உதடு அசையாமல்.
அடுக்களைக்குப் போய்
தேங்காய்ப்பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரிக்கோலோடு திரும்பினார்.
நான் வாயைத் திறப்பதற்குள்
தாளை நடுவில் மடித்து
சட்டைக்குக் கழுத்து வெட்டுவதுபோல ஒரே ஓட்டம்.
மூன்றாவது பத்தி அவர் உள்ளங்கையில்.
“இது என்னோடது.
நீங்க கேட்ட கையெழுத்து கீழ பத்திரமா இருக்கு, பாத்துக்குங்க.”

ஐம்பது வெள்ளித் தாள் பத்தையும் எண்ணி வாங்கினார்.
துண்டை டின்னில் போட்டு மூடியை அழுத்தினார்.
ஆரஞ்சில் நான்கைத் திருப்பித் தந்தார்.

பேருந்தில் மடியில் விரித்துப் பார்த்தேன்.
ஓட்டை வழியே என் காற்சட்டையின் கட்டங்கள்.
மறுபக்கம் முகவரி:
மேலே அவர் பெயர், கீழே சிங்கப்பூர்.
நடுவிலிருந்த வீட்டு எண்ணும் தெருவும்
பத்தியோடு போய்விட்டன.
அந்தத் தெருவே இப்போது விரைவுச்சாலைக்கு அடியில்.
அவர் கவனித்தாரா, தெரியாது.

சரி, மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன்.
என்னிடமுள்ள பதினொன்றிலும்
மூன்றாவது பத்தி ஒன்றேதான்.
‘எத்தனையோ கடிதங்கள் வருகின்றன.
உங்களுடையதை மட்டும்
தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.’
கணக்கருக்கும் அது.
படுத்துக் கிடந்தவருக்கும் அது, இரண்டு தடவை.
சமையல்காரரின் மனைவிக்கும்.
ஒன்றில் மட்டும் ‘மட்டும்’ விடுபட்டிருக்கிறது.

எப்போதும் மூன்று வரி பிடிக்கும்.
அன்றிரவு வேலைக்குக் கிளம்புமுன்
பிரேக் கட்டையின் தேய்மானம் பார்க்கிற அளவுகோலால்
ஓட்டையை அளந்தேன்.
மாநதியின் எழுத்துக்கு அது ஐந்து வரி.

கை நடுங்கி அகலமாய் வந்திருக்கலாம்.
ஓரம் விட்டு வெட்டியிருக்கலாம்.
அல்லது
இரண்டு வரி கூடுதல்.

உறையில் செருகினேன்.
பின்னாலிருந்த பதினொன்றாவது
ஓட்டைக்குள் எட்டிப்பார்த்தது:
‘தலையணைக்கு அடியில்’.
சரியாக அதே இடத்தில்.
நடுவே ஒரு கறுப்பு அட்டையை வைத்தேன்.

நேற்று போன் வந்தது.
மெஷின் வந்துவிட்டதாம்.
ஒரு நாணயத்தைச் செங்குத்தாய் நிறுத்தி
மேலே வைத்துப் பார்த்தாராம்,
கடைக்காரன் செய்து காட்டியதுபோல.
விழவில்லையாம்.
வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.
நானும்
எவ்வளவு நேரம் நின்றது என்று மட்டும் கேட்டேன்.