பதினொரு நொடி

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
ஆறு மணிக்கு கரண்ட் போகும்.
இப்போது மூன்றரை.

இரவல் பிளாஸ்மா கட்டர்,
சாப்பாட்டுக் கூடை கனம்தான்.
கொடுக்கும்போது பிரகாசன் மூட்லி சொன்னது ஒன்றே:
"பெயின்ட்டைச் சுரண்டிட்டுக் கிளாம்ப் போடு,
இல்லேன்னா நெருப்பு பிடிக்காது."

சுரண்டினேன். பச்சை. அதன் கீழே வெள்ளை.
அதற்கும் கீழே, முன்னால் குடியிருந்தவர்களின்
ரத்தச் சிவப்பு.
எல்லாரும் பயந்திருக்கிறார்கள்,
ஆளுக்கொரு நிறத்தில்.

கம்ப்ரஸர் உறும
சமையலறை விளக்கு கண் சிமிட்டுகிறது.
கறுப்புக் கண்ணாடிக்குள் நீலம் மட்டும்.
இரும்பைத் தொடக்கூட வேண்டாம்,
ஓர் அரிசி இடைவெளி போதும்,
காற்றே கத்தியாகி இறங்குகிறது.
மூன்றாவது கம்பி கோணிவிட்டது.
போகட்டும்.

போன மாதம் அடுத்த தெருவில் தீ.
ஜன்னலில் கம்பி. கம்பிக்கு வெளியே
ஒரு கை.
அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

பிசிறு தேய்த்து, இரண்டு கீல் முடுக்கி,
உள்பக்கம் ஒரு கொக்கி.
சொன்ன நேரத்துக்கு இருள் வந்தது.

"தெனீஷா, தீ!"
முதல் தடவை நாற்பது நொடி,
செருப்பைத் தேடினாள்.
இரண்டாவது தடவை இருபத்திரண்டு.
மூன்றாவதில் பதினொன்று,
புல்லில் குதித்து, முழங்கால் தட்டி,
சிரிக்காமல் கேட்டாள்:
"சரிம்மா, திருடன் வந்தா?"

அறுத்த கம்பி ஒன்றை எடுத்து
அவள் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.
முனை இன்னும் சூடு.