காரணம் என்ற கட்டம்

கணியம்பாடி தாண்டி
கண்ணமங்கலம் போகிற சாலையில்
மரம் எண் 214.
எண் எழுதியது நான்தான்.
கறுப்புப் பட்டைமேல் வெள்ளைப் பெயின்ட்,
நாலுக்குக் கால் கொஞ்சம் ஒழுகியிருக்கும்.

மாசியில் அரிவாளைத் திருப்பிப் பிடித்துத் தட்டிப் பார்த்தேன்.
நல்ல புளி நம்மைத் திருப்பித் தட்டும்,
மணிக்கட்டில் தெரியும்.
இது தட்டவில்லை.
காலி அண்டாவின்மேல் விரல் மடக்கிக் கொட்டின சத்தம்.
சாலைக்கு மேலே நீட்டிய அந்தப் பெரிய கைதான்.
சொன்னேன்.
"புளி ஏலம் போயிருக்கு,
குடியாத்தத்துக்காரன் பணம் கட்டிட்டான்,
பங்குனி முடியட்டும்" என்றார்கள்.
பங்குனி முடிந்தது.
காய் உலுக்கினவர்கள் அதே கிளையில்தான் ஏறி நின்றார்கள்,
மூன்று பேர், கூடவே ஒரு பையன்.
அன்றைக்கு அது தாங்கியது.
அதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சித்திரையில் சம்பங்கி நுங்கு வண்டியோடு வந்தார்.
"இங்க நிக்காதய்யா, கிளை சரியில்ல."
அண்ணாந்து பார்த்தார்.
பிறகு சாலையை இந்தக் கோடியும் அந்தக் கோடியும் பார்த்தார்.
அகலப்படுத்தினதில் 210 போச்சு, 211 போச்சு,
213 நின்ற இடத்தில் ஊர்ப்பெயர்ப் பலகை.
"வேற எங்க நிக்கச் சொல்ற, நைனா?"
வேலூர் வெயிலில் அதற்குப் பதில் சொல்ல
எனக்குச் சம்பளம் இல்லை.
நானும் அங்கேயே நின்று
நாலு நுங்கு சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை, பகல் ஒன்றரை.
காற்று இல்லை.
இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்: காற்று இல்லை.
கட்சிக்கொடி கம்பத்தில்
துவைத்துப் போட்ட துணியாய்த் தொங்கியது.
பீடிப்புகை விட்ட இடத்திலேயே நின்றது.
ஒரு பைக் வந்து நிழலில் நின்றது.
இறங்கியவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்
கண்ணாடியில் மாட்டினார்,
நெற்றியைத் துடைத்தார்,
அப்பாடா என்றாராம்.
சம்பங்கி அப்போது எதிரே பங்க்சர் கடையில்,
அவர் கொடுத்த ஐந்நூறுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டு.
முறிகிற சத்தம்கூடக் கேட்கவில்லை என்கிறார்.
யாரோ மூச்சு விட்டது மாதிரி.
திரும்பினால் சாலை பச்சையாக இருந்தது.

ஹெல்மெட் உருண்டு நடுச்சாலையில் கிடந்தது,
ஒரு கீறல் இல்லை.
வசூல் நோட்டின் அட்டையில் கோ. வில்வநாதன்.
அன்றைய தேதியில் பதினேழு பெயருக்கு டிக்.
பதினெட்டாவதுக்கு நேரே வெறும் கட்டம்.

கிளையை அறுத்தது எங்கள் ஆட்கள்தான்.
உள்ளே மரமே இல்லை.
மூக்குப்பொடி நிறத்தில் ஏதோ,
அணில் சேர்த்த பஞ்சு,
ஒரு தீப்பெட்டிப் படம்.
நுனியிலோ புதுத்துளிர்.
பூ வேறு வைத்திருந்தது.

அறிக்கையில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு.
"பலத்த காற்றுன்னு போடு."
காற்றே இல்லையே சார்.
"காற்றுக்கு மெமோ குடுக்க முடியாது.
அதுக்குத்தான் போடச் சொல்றேன்."
கானாவுக்குத் துணைக்கால் போடுமுன்
பேனா ஒரு தடவை நின்றது.
உதறினேன், எழுதியது.

இப்போது சம்பங்கி மச்சான் வண்டியோடு
215க்குக் கீழே நிற்கிறார்.
கடனா என்று கேட்கவில்லை.
அந்த ஐந்நூறை என்ன செய்தார் என்றும்.

அரிவாளைத் திருப்பிப் பிடித்துத் தட்டினேன்.
அவர் சீவுவதை நிறுத்தினார்.
பஸ்சுக்கு நின்ற இரண்டு பெண்கள்
மரத்தை விட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.
சரியாக அந்நேரம் ஒரு லாரி
ஆரனை அமுக்கிக்கொண்டே கடந்தது,
மணிக்கட்டில் வந்தது மரமா லாரியா தெரியவில்லை.
இன்னொரு தடவை தட்ட வேண்டும்.
மண்டையில் வெயில் இறங்குகிறது.
ஓங்கின கையோடு
நிழலுக்குள் ஓர் அடி எடுத்து வைத்தேன்.