பெற்றுக்கொண்டேன்

முப்பத்தொரு வருடம் கோதுமையை நிறுத்தவன் நான்,
தண்டர் பே துறைமுகத்தில், நான்காம் எண் களஞ்சியத்தில்.
ஒரு ரயில் பெட்டியில் எத்தனை டன் என்று
தண்டவாளம் முனகுவதைக் கேட்டே சொல்லிவிடுவேன்.
லோர்ன் டிங்வாலின் எடை மட்டும்
எனக்குப் பிடிபடவே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு.
ஐஸ் ஹாக்கியைப் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடிய காலம்.
தலைக்கவசம் கிடையாது.
பழைய விலைப்பட்டியல் புத்தகங்களை
முழங்காலுக்குக் கீழே கயிற்றால் கட்டிக்கொள்வார்கள்.
ஒரே ஆட்டத்தில் ஒன்பது கோல் போட்டுவிட்டு
மறுநாள் காலை ஆறு மணிக்கு
நிலக்கரிக் கிடங்கில் மண்வெட்டி எடுத்தவன் டிங்வால்.
சம்பளம் தரும் அணிகள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டன.
போகவில்லை.
'ஆட்டத்துக்காகச் சல்லிக்காசு தொட்டதில்லை'
என்று கல்லறையில் வெட்டியிருக்கிறது,
பெயரைவிடப் பெரிய எழுத்தில்.

காசு தொடாதவன் தொட்டதையெல்லாம்
காசு கொடுத்து வாங்குகிறேன் நான்.

அவன் வலது கால் ஸ்கேட் என்னிடம்.
இடது கால் வின்னிபெக்கில்,
வெர்னா ஓல்ஷெவ்ஸ்கியிடம்.
பத்தொன்பது வருடமாக அவளும் விற்கவில்லை,
நானும் விற்கவில்லை.
எழுநூறு கிலோமீட்டர் அகலத்துக்குக்
கால்களை விரித்தபடி நிற்கிறான், பாவம்.

கெனோராவில் ஒருவன்
டிங்வாலின் உடைந்த கடைவாய்ப் பல் என்று
பஞ்சில் பொதிந்து கொண்டுவந்தான்.
உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன்.
ஆட்டக்காரன் பல் இல்லை, ஆட்டுப் பல்.

போன நவம்பர் ஏலத்தில் அவன் கம்பளிச் சட்டை வந்தது.
மெரூன் நிறம், நெஞ்சில் வெள்ளைப் பட்டை,
இடது முழங்கையைப் பூச்சி தின்றிருந்தது.
வெர்னா தொலைபேசியில் ஏற்றிக்கொண்டே போனாள்,
நானும் விடவில்லை.
வாசல் பனி தள்ளும் இயந்திரத்துக்கென்று
வைத்திருந்த பணம் அது.
எய்லா ஒன்றும் சொல்லவில்லை.
மண்வெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

இரவு, அடித்தளத்தில்,
சட்டையின் கழுத்துப் பட்டையை மடித்தேன்.
சரசரத்தது.
கம்பளி சரசரக்காது.

தையல் ஓரிடத்தில் வேறு நூல்.
பிரித்தேன்.
நாலாய் மடித்த ரசீது, மஞ்சள்.
'மார்ச் 2 ஆட்டம். பதினைந்து டாலர்.
பெற்றுக்கொண்டேன். லோ. டிங்வால்.'
கடைசி எழுத்தின் வால்
கோட்டுக்குக் கீழே இறங்கிச் சுருளும்.
மூன்று குழுப் படங்களின் பின்புறம்
நான் பார்த்துப் பார்த்துத் தேய்த்த அதே வால்.

கடிதத் தராசில் ரசீதை வைத்தேன்.
முள் அசைந்ததாகத் தெரியவில்லை.
கணப்பின் கதவை ஒருமுறை திறந்தேன், மூடினேன்.
மறுமுறை திறந்தபோது
கை சுட்டுவிட்டது.

மணி பதினொன்று.
என் கைக்கு வேறு எந்த எண்ணும் தெரியவில்லை.
வெர்னா எடுத்தாள். சொன்னேன்.
அவள் பக்கம் ஒரு கெட்டில் நீளமாகக் கூவி
அடங்கியது.

"என்னிடம் மூன்று இருக்கிறது" என்றாள்.

எத்தனை நாளாக?

"பதினொரு வருடம்."

ஏன் சொல்லவில்லை?

"சொல்லியிருந்தால் நீ வாங்குவதை விட்டிருப்பாய்.
அப்புறம் நான் யாரோடு மோதுவது?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
கல்லறை எழுத்தைச் செதுக்கியவனை நினைத்தேன்,
அவனுக்குக் கூலி எவ்வளவு கொடுத்தார்களோ.
டிங்வாலுக்கு என்ன தேவை இருந்ததோ, அந்த மார்ச்சில்.
வாடகையோ, மருந்தோ, வெறும் விஸ்கியோ.
ஏன் எரிக்காமல்
கழுத்தில் தைத்துக்கொண்டு ஆடினான்?

இவ்வளவும் மனதில் ஓட,
வாய் கேட்டது இதைத்தான்:
உன்னுடையவை எத்தனை டாலர்?

"எட்டு, எட்டு, பத்து."

அப்படியானால் என்னுடையதுதான் பெரிது, என்றேன்.

போனை வைத்துவிட்டாள்.

காலையில் இடுப்பளவு பனி.
வாசலில் பாதி வழி வெட்டியிருப்பேன்,
எய்லா ஜன்னலைத் திறந்து கத்தினாள்:
"வின்னிபெக்! என்ன விலை என்று கேட்கிறாள்!"

காதில் விழாதவன்போல்
இன்னும் ஒரு மண்வெட்டி அள்ளினேன்.