எட்டாம் காம்பரா

படிவத்தில் நான்காவது கட்டம்:
நிலையான முகவரி.
தலவாக்கலை கொமியுனிகேஷன் கடைப் பையன்
கீபோர்டில் விரலை வைத்தபடி
என் வாயைப் பார்க்கிறான்.

எட்டாம் காம்பரா என்று சொல்ல வேண்டும்.
எ வருகிறது. எ. எ. எ.
மழை நாளில் கொழுந்து லொறி
மேட்டில் நின்று உறுமுவது மாதிரி.
"எழுதித் தாங்க அக்கா" என்கிறான்.
நல்ல பையன்தான்.
எல்லாரும் நல்லவர்கள்தான்,
என் சொல்லை எனக்கு முன்பே
முடித்துக் கொடுப்பவர்கள்.

அந்த முகவரிக்குக் கடிதம் வந்ததில்லை.
தோட்டத்து ஆபீஸ் வரை வரும்.
கிளாக்கர் மேசையில் பிளேன்டீ கோப்பைக்கு அடியில்
சில வாரம் தங்கும்.
என் அடையாள அட்டை வந்த உறையில்
முத்திரைக்குப் பக்கத்தில் இன்னொரு முத்திரை,
வட்டமாக, தேயிலைச் சாயத்தில்.

முதல் தடவை எழுதிய வருஷம்,
பொருளியல் இரண்டாம் வினாத்தாள் அன்று
ஐந்தாம் நம்பர் மலையில் குளவி கிளம்பியது.
அம்மாவின் முகத்தில்
கண் எங்கே என்று தேடினேன்.
கொட்டகலை ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து
பார்க்காத வினாத்தாளுக்கு
மனசுக்குள் விடை எழுதினேன்:
கேள்வி வளையி இப்படி இறங்கும்,
நிரம்பல் வளையி இப்படி ஏறும்,
வெட்டுகிற இடத்தில் விலை.
"மணி என்னா?" என்று முனகினாள்.
"பத்தே முக்கால்." திக்காமல் வந்தது.
பரீட்சை மண்டபத்துக் கதவைப் பற்றி
அவள் கேட்கவில்லை,
நான் சொல்லவில்லை.

பிறகு ஒன்பது மாதம் புறக்கோட்டை.
துணிக்கடையில் கவுண்டருக்கு வாய் வேண்டும்.
எனக்கு மடிக்கும் மேசை.
ஒரு நாளைக்கு இருநூறு சேட்டு,
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு அட்டை.
முதலாளி சாப்பிடப் போகும் நேரத்தில்
அட்டையில் பென்சிலால் எழுதிப் படிப்பேன்,
மனப்பாடமானதும் உள்ளே வைத்து மடித்து
ஊசி குத்திவிடுவேன்.
எந்த ஊர் மாப்பிள்ளையோ
கல்யாணத்தன்று சேட்டைப் பிரித்தபோது
பணவீக்கத்தின் வரைவிலக்கணம்
விழுந்திருக்கும் அவன் மடியில்.

இரண்டாம் தடவை
மலையில் ஒன்றும் பறக்கவில்லை.
மூன்று பாடமும் நின்றன.
வெட்டுப்புள்ளிக்கு மேலே
ஒரு நூல் அளவு. போதும்.

எங்கள் பக்கம் பேர் என்பது நிறுக்கப்படுவது.
பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுப்பேர்.
கொஞ்சம் குறைந்தாலும் அரைப்பேர்,
அரைச் சம்பளம்.
நானும் இருபது வருஷம் அரைப்பேர்தான்.
சுபா என்பதற்குள் மூச்சு முடிந்துவிடும்;
பள்ளிக்கூடத்தில், கடையில், பஸ்ஸில்
"சரி, சுபா" என்று
மிச்சத்தை அவர்களே வெட்டி எறிவார்கள்,
முற்றல் இலையை எறிவது போல.

"பிறப்புச் சாட்சியில் இருக்கிற மாதிரி
முழுசா சொல்லுங்க" என்கிறான் பையன்.
எழுதித் தரலாம். பேனா கையில் இருக்கிறது.
பின்னால் போட்டோக் கொப்பிக்கு நிற்பவர்
செருமுகிறார்.
பேனாவைப் பைக்குள் போட்டேன்.

ச. சன்.
சன்னா.
பையன் உதவிக்கு வாயைத் திறந்தான்.
கையைக் காட்டினேன்.
சன்னாசி. சு. சு. சுபா
லோ. லோ.
வெளியே ஹட்டன் பஸ் வந்து, ஆள் ஏற்றி,
போயும் விட்டது.
லோஜினி.

அவன் அடித்தான். ஒரு எழுத்தும் பிழையில்லை.
எட்டாம் காம்பரா, மேக்கணக்கு,
ஊசிமலைத் தோட்டம்:
அதையும் சொல்லியே முடித்தேன்.
செருமினவர் கொப்பி எடுக்காமலே போயிருந்தார்.

பேராதனை என்று அச்சான தாளை
மழைக்கு மடித்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு
அம்மாவுக்கு எடுத்தேன்.
மடுவத்தில் தராசடியில் நின்றாள், இரைச்சல்.
"பதினேழரைடீ. அரைப்பேர் போட்டுட்டான் பாவி.
ஒனக்கு என்னா ஆச்சு?"

மு, என்றேன்.
மு. மு.
ஐம்பது ரூபாய் ரீலோட்
தீர்ந்துகொண்டிருந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
போனை வைக்கவும் இல்லை.