பெயர்ச் சீட்டு

சாவு வீட்டுக்கு முதலில் போகிறவன் நான்.
ஆர்மோனியப் பெட்டி வந்து இறங்கும் முன்பே
சிகரெட் அட்டையைக் கிழித்துப் பெயர் வாங்கிவிடுவேன்:
செத்தவர், சம்சாரம், பிள்ளைகள், மருமகப்பிள்ளை,
மாலையோடு நிற்கும் வட்டச் செயலாளர்.
யார் பெயரை விட்டால் சோடா பாட்டில் பறக்கும்,
யார் பெயரைச் சொன்னால் பறக்கும்,
அதையும் ஓரத்தில் குறித்துக் கொடுப்பேன்.

விடிய விடிய தேசிங்கு பாடுவான்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால்
கூட்ஸ் வண்டியின் ஐம்பத்தெட்டுப் பெட்டியும் போகிறவரை
ஒரே அடியை இழுத்துப் பிடித்திருப்பான்.
கடைசிப் பெட்டிக்குப் பின்னால்தான்
செத்தவன் பெயர் வரும்.
அந்த இடத்தில் அழாத பெண்ணை நான் பார்த்ததில்லை,
நாகபூஷணத்தின் மருமகளைத் தவிர.

அப்படி ஒரு ராத்திரி
வெள்ளை ஷூ போட்ட பையன் ஒருவன்
பாட்டை விட்டுவிட்டு முகத்தைப் படம் பிடித்தான்.
"கன்னத்துல அந்த வெட்டு ஒரிஜினலா?"
மீன்பாடி வண்டி கவுந்துச்சுபா என்றான் தேசிங்கு.
"யார் கேட்டாலும் கத்தினு சொல்லுங்கண்ணே."

முதல் படத்தில் பன்னிரண்டாம் நிமிடம் குத்துப்பட்டான்.
அடுத்ததில் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்.
மூன்றாவதில் தண்ணீர் லாரி.

தெருவே டிக்கெட் எடுத்துப் போய் உட்கார்ந்தோம்.
அவன் வாயைத் திறந்தான்,
வேறு யாரோ பேசினார்கள்.
எங்கள் பாஷை மாதிரிதான் இருந்தது.
'இன்னாபா', 'கய்தே' எல்லாம்
பாயசத்தில் எண்ணிப் போட்ட முந்திரியாய்
சரியான இடைவெளியில் வந்தன.
விசிலடிக்க மடித்த நாக்கோடு திரும்பிப் பார்த்தேன்.
இருட்டில் பாப்கார்ன் டப்பாவின் அடியில்
தாளம் தட்டிக்கொண்டிருந்தான்.

"கொரல் ரொம்ப லோக்கலா கீதாம்."
வெளியே வந்து பீடி பற்றவைத்தான்.
"மூஞ்சிக்கு சம்பளம். தொண்டைக்கு லீவு. வுடு."

பதினேழு படம், பதினேழு சாவு,
மாதவரத்தில் இரண்டு பெட்ரூம்.
ஒரு படத்தில் அரை நாள் பிணமாகக் கிடந்தான்.
நெஞ்சில் அடித்து அழவந்த துணை நடிகை
பெயரை மாற்றிச் சொல்லிவிட்டாள்.
டைரக்டர் ஓகே என்றுவிட்டார்.
பிணம் எழுந்து உட்கார்ந்தது:
"யக்கா, பேரு முக்கியம்."
அந்தக் கம்பெனி பிறகு அவனைக் கூப்பிடவில்லை.

போன வியாழன் கன்னியப்பன் போய்ச் சேர்ந்தார்.
எங்கள் ஆர்மோனியம்.
மூடிய பெட்டிக்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள்.
தேசிங்கு ஷூட்டிங்கிலிருந்து நேராக வந்தான்,
காதுக்குப் பின்னால் கழுவாத சாயரத்தத்தோடு.
பொடிசுகள் சூழ்ந்துகொண்டன:
"ண்ணா, அந்த டயலாக் சொல்லுண்ணா!"
சொன்னான்.
அந்த வேறு யாரோவின் குரலிலேயே,
முந்திரி பிசகாமல்.
கைதட்டினார்கள்.

நான் அட்டையை நீட்டினேன்.
சம்சாரம் பெயர், மூன்று பெண்கள் பெயர்,
எண்ணூரில் இருக்கும் அந்த அம்மா பெயர் ஓரத்தில்.
எனக்கு அவர் தரவேண்டிய நானூறு ரூபாயை எழுதவில்லை.

பாட ஆரம்பித்து எத்தனை வருஷம் ஆயிற்றோ,
மேலே போகும்போது குரல் இரண்டாகப் பிளந்தது.
அப்படியே பாடினான்.
பெயர் வரும் அடிக்கு வந்து இழுத்துப் பிடித்தான்.
கேட் திறந்தே கிடந்தது, ஷேர் ஆட்டோக்கள் போயின.
அட்டையைத் திருப்பிப் பெயரை விரலால் காட்டினேன்.
தெரியும் என்று தலையாட்டினான்.
விடவில்லை.
தண்டவாளப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.